முழங்காலை ஊன்றியிருந்தால்!

வெற்றி கைக்குள் இருக்கிறது. ஆட்டம் முடிய இன்னும் 33 விநாடிதான் பாக்கி. எதிர்க் கட்சிக்காரர்களால் கடிகாரத்தை நிறுத்த முடியாது. அந்த உரிமையை அவர்கள் முன்னமே செலவழித்துத் தீர்த்துவிட்டார்கள். பந்தை வாங்கும் வாலிபன் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்றுதான். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றிவிட்டு எழுந்து, தலைக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு, எதிரிகளோடு கைகுலுக்கிவிட்டு வீடு போய்ச் சேரலாம்.

அவன் ஊன்றவில்லை. ஊன்றும்படி அவனுக்குச் சொல்ல வேண்டியவரும் சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தத் தாழியைத் தாங்களே தூக்கிப் போட்டு உடைத்தவர்களைப் பற்றி அதிகம் கேட்டதில்லை. 2023-ஆம் வருஷம் அக்டோபர் 7-ஆம் தேதி சனிக்கிழமை இரவு, அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்திலுள்ள ஹார்ட் ராக் மைதானத்தில் அது நடந்தது. மயாமி சர்வகலாசாலைக் கோஷ்டி, ஜார்ஜியா டெக் கோஷ்டியிடம் 20-க்கு 23 என்ற கணக்கில் தோற்றது. மறுநாள் முதல் அந்நாட்டில் விளையாட்டைப் பற்றிப் பேசும் வாய்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: "ஏன் ஐயா, முழங்காலை ஊன்றச் சொல்லவில்லை?"

இந்தக் கேள்வி நமக்கு விளங்க வேண்டுமானால் அந்த விசித்திரமான ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று பெயரிட்டிருக்கும் விளையாட்டில் காலுக்கு வேலை கொஞ்சம்தான். கைக்கும் தோளுக்குமே அதிக வேலை. பந்தும் உருண்டையல்ல, இரு முனையும் கூர்மையாக, பெரிய மாங்கொட்டையைப் போல் இருக்கும். பக்கத்துக்குப் பதினொருவர். மைதானத்தின் நீளம் 100 கெஜம். பந்தை வைத்திருக்கும் கட்சிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த நான்குக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும்; முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போகும். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. கம்பங்களுக்கிடையே உதைத்து அனுப்பினால் மூன்று.

இவையெல்லாம் புறக் கணக்கு. உட்கணக்கு ஒன்று இருக்கிறது, அதுதான் கடிகாரம். பந்தை வைத்திருப்பவன் மைதானத்துக்குள்ளேயே பிடிபட்டு விழுந்தால் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்க 40 விநாடி வரையில் காலம் தாழ்த்தலாம் என்பது விதி. முந்தியிருக்கும் கட்சி இந்த விதியை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கும். பிந்தியிருக்கும் கட்சி, அரை ஆட்டத்துக்கு மூன்று முறை தனக்கு அளிக்கப்பட்டிருக்கும் 'டைம்-அவுட்' உரிமையைக் கொண்டு கடிகாரத்தை நிறுத்தப் பார்க்கும். அந்த மூன்றும் தீர்ந்துவிட்டால் அதன் கதி அதோகதிதான்.

இப்போது மேற்படி சனிக்கிழமை இரவுக்கு வருவோம். மயாமி மூன்று புள்ளி முந்தியிருக்கிறது. மூன்றாவது முயற்சி. பாக்கி 33 விநாடி. ஜார்ஜியா டெக்குக்கு டைம்-அவுட் ஒன்றுகூட இல்லை. முப்பத்து மூன்றைவிட நாற்பது பெரியது என்பது ஆரம்பப் பாடசாலைக் கணக்கு. முழங்காலை ஒரு முறை ஊன்றினால் பந்து செத்தது, கடிகாரம் ஓடி ஓடித் தானே நிற்கும், ஆட்டம் முடிந்தது. இதில் யுக்தி இல்லை, அதிருஷ்டம் இல்லை, வீரம்கூட வேண்டியதில்லை.

மயாமிக்காரர்களோ பந்தை ஓர் ஓட்டக்காரனிடம் கொடுத்து ஓடச் சொன்னார்கள். அவன் கூட்டத்துக்குள் புகுந்து நான்கு கெஜம் போனான். எதிரிகள் அவன் மீது விழுந்தார்கள். பந்து கைநழுவிற்று. ஜார்ஜியா டெக் ஆட்டக்காரன் ஒருவன் அதன் மேல் பாய்ந்து படுத்துக்கொண்டான். பந்து நழுவுமுன்பே ஓட்டக்காரனின் உடம்பு தரையில் பட்டுவிட்டது என்று மயாமி ரசிகர்கள் இன்றளவும் சாதிப்பார்கள். நடுவர்கள் படத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள், தீர்ப்பை மாற்றவில்லை.

கடிகாரத்தில் 26 விநாடி. ஜார்ஜியா டெக் கடக்க வேண்டிய தூரம் 74 கெஜம். சாதாரணமாக இது ஆகிற காரியமல்ல. ஆனால் முதலில் 30 கெஜத்துக்கு ஒரு வீச்சு பலித்தது. பிறகு 44 கெஜத்துக்கு இன்னொரு வீச்சு. காவலை மீறி ஓடிய ஒருவன் பந்தைப் பிடித்து எல்லைக் கோட்டைத் தாண்டியபோது ஓரிரு விநாடியே மிஞ்சியிருந்தது. அதுவரையில் அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல், தேச வரிசையில் 17-வது இடத்தில் இருந்த மயாமி, ஐந்தில் இரண்டே ஆட்டம் வென்றிருந்த கட்சியிடம் தோற்றுப்போயிற்று.

யார் இந்தப் பயிற்சியாளர்? மேரியோ கிரிஸ்டோபால் என்பவர். மயாமியிலேயே பிறந்தவர், கியூபாவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோரின் புதல்வர். அதே சர்வகலாசாலையில் படித்து, அதே கோஷ்டியில் ஆடி, 1989, 1991 வருஷங்களில் அது தேச வெற்றி பெற்றபோது உடனிருந்தவர். அவரை 2021 டிசம்பரில் மயாமி வரவழைத்துக்கொண்டது. பத்து வருஷத்துக்கு 8 கோடி டாலர் சம்பளம் என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவில் பெரும்பாலான மாகாணங்களில், அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்களில் முதல் ஸ்தானம் கவர்னருக்கு அல்ல, ஏதாவதொரு கலாசாலையின் விளையாட்டுப் பயிற்சியாளருக்கே என்பதை இந்த இடத்தில் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மயாமி தனியார் ஸ்தாபனம். ஆயினும் அங்கும் சந்தை நிலவரம் அதுதான்.

ஆதி நாட்களில் இப்படி இருக்கவில்லை. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கலாசாலைகள் 1869 நவம்பர் 6-ஆம் தேதி முதன் முதலாக மோதிக்கொண்டபோது, பயிற்சியாளர் என்ற பிராணியே கிடையாது. பின்னர் அவர் தோன்றிய பிறகும், மைதானத்தின் ஓரத்திலிருந்து ஆட்டக்காரர்களுக்கு யோசனை சொல்வது வெகு காலம் வரையில் விதிப்படி குற்றமாகவே இருந்தது. ஆட்டம் மாணவர்களுடையது, யோசிக்கும் பொறுப்பும் மாணவர்களுடையது என்பது அந்தக் காலத்துக் கொள்கை. இப்பொழுது ஒவ்வொரு முயற்சியும் ஓரத்திலிருந்தே உத்தரவாகிறது. காதில் கருவி மாட்டிய உதவியாளர்கள் பெரும் படையாக நிற்கிறார்கள். அவ்வளவு பேர் நின்றிருந்தும் முப்பத்து மூன்றையும் நாற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து வாயைத் திறந்து கத்த ஒருவர் இல்லாமற் போனதுதான் ஜனங்களுக்கு ஆறவில்லை.

ஆட்டம் முடிந்த பின் குறை சொல்பவனுக்கு அமெரிக்காவில் ஒரு பரிகாசப் பெயர் உண்டு. 'திங்கட்கிழமைக் காலை குவார்ட்டர்பேக்' என்பார்கள். அதாவது, சனி ஞாயிறுகளில் மைதானத்தில் நடந்ததைத் திங்கட்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே திருத்தி அமைக்கும் சூரன். பந்து எங்கே போயிற்று என்று தெரிந்த பிறகு அது எங்கே போகும் என்று சொல்வதற்கு ஞான திருஷ்டி தேவையில்லை. இந்தப் பரிகாசத்தில் நியாயம் இருக்கிறது. பயிற்சியாளர்கள் பெரும்பாலும் இந்தக் கேடயத்தைக் கொண்டே தங்களைக் காத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் கிரிஸ்டோபால் விஷயத்தில் இந்தக் கேடயம் உதவாது. ஏனென்றால், முடிவு என்னவென்று தெரியாமலே அது தவறு என்று சொல்லியிருக்கலாம். அந்த ஓட்டக்காரன் பந்தை இறுகப் பிடித்துக்கொண்டு பத்திரமாக விழுந்திருந்தாலும் அது தவறுதான். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஓடியதால் கிடைக்கக்கூடிய லாபம் என்ன? அதிகபட்சம் ஒரு வெற்றி. ஓடாமல் இருந்தாலும் அதே வெற்றிதான். லாபம் ஒன்றுமில்லாத இடத்தில் முதலைப் பந்தயம் வைப்பதற்கு என்ன பெயர் என்று எந்த மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்காரர்களிடம் அவரும் அதையே ஒப்புக்கொண்டார். முழங்காலை ஊன்றச் சொல்லியிருக்க வேண்டும், தவறு தம்முடையது என்றார். பையன்மேல் பழியைப் போடவில்லை. இதை அவருக்குப் பெருமையாகவே நான் குறிப்பிடுகிறேன். எனினும் விமர்சகர்கள் விடவில்லை. பழைய கணக்கு ஒன்றையும் தூசி தட்டி எடுத்தார்கள். 2018 செப்டம்பர் 22-ஆம் தேதி இவர் ஆரிகன் சர்வகலாசாலையின் பயிற்சியாளராக இருந்தபோது, ஸ்டான்போர்டுக்கு எதிராக 31-க்கு 28 என்று முந்தியிருந்த ஆட்டத்தில், ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகப் பாக்கியிருக்கையில், இதே போல் ஓடச் சொல்லிப் பந்து இதே போல் நழுவிற்று. ஸ்டான்போர்டு சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 38-க்கு 31 என்று வென்றது. அன்றைக் கடிகாரக் கணக்கு இவ்வளவு எளிதானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு முறை சுட்ட கை மறு முறை அடுப்பண்டை போகும்போது சற்றே தயங்க வேண்டாமோ?

அந்த நாட்டில் இந்தப் பாடம் புதிதுமல்ல. தொழில்முறை ஆட்டத்தில் 1978 நவம்பர் 19-ஆம் தேதி நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டி 17-க்கு 12 என்று முந்தியிருந்து, கடைசி விநாடிகளில் பந்தைக் கைமாற்றப் போய் நழுவவிட்டது. பிலடெல்பியாவின் ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதைப் பொறுக்கிக்கொண்டு 26 கெஜம் ஓடி ஆட்டத்தை 19-க்கு 17 என்று முடித்தார். அந்த உத்தரவை அனுப்பிய உதவிப் பயிற்சியாளருக்கு மறுநாளே சீட்டுக் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் முழங்காலை ஊன்றுவதற்கென்றே தனி அணிவகுப்பு ஒன்றை எல்லாக் கோஷ்டிகளும் ஏற்படுத்தி, அதற்கு 'வெற்றி அணிவகுப்பு' என்று பெயரும் வைத்தார்கள். அதற்கு முன்னால் முழங்காலை ஊன்றுவது ஆண்மைக்கு இழுக்கு என்று கருதியவர்களும் இருந்தார்கள்.

ஆண்மை என்ற சொல் வந்துவிட்டபடியால், மயாமி நகரத்திலேயே நடந்த இன்னொரு தோல்வியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தத் தோல்வியில் மயாமி வென்ற கட்சி.

1984-ஆம் வருஷம் ஜனவரி 2-ஆம் தேதி. ஆரஞ்சு பவுல் பந்தயம். மயாமியை எதிர்த்து நின்றது நெப்ராஸ்கா சர்வகலாசாலை. அந்தப் பருவத்தில் அது 12 ஆட்டங்கள் ஆடிப் பன்னிரண்டையும் வென்று, மொத்தம் 624 புள்ளிகள் குவித்திருந்தது. அப்பேர்ப்பட்ட கோஷ்டி உலகத்தில் இருந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். அதன் பயிற்சியாளர் டாம் ஆஸ்பார்ன் அதிகம் பேசாத மனிதர். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பதவியில் இருந்தும் தேச வெற்றி என்ற கனி அவருக்குக் கிட்டவில்லை. 'நல்ல பயிற்சியாளர்தான், ஆனால்…' என்ற அந்த 'ஆனால்' அவரை நிழல்போல் தொடர்ந்துகொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கியதும் மயாமி 17-க்கு 0 என்று போய்விட்டது. நெப்ராஸ்கா துரத்திப் பிடித்துச் சமன் செய்தது. மீண்டும் மயாமி 31-க்கு 17. மீண்டும் துரத்தல். முக்கியமான ஓட்டக்காரருக்குக் காலில் அடி, அவர் வெளியேறிவிட்டார். ஆட்டம் முடிய 48 விநாடி இருக்கும்போது, நான்காவது முயற்சியில், அவருக்குப் பதிலாக வந்த ஜெப் ஸ்மித் 24 கெஜம் ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டினார். 31-க்கு 30.

இப்போது ஆஸ்பார்னின் முன்னால் இரண்டு வழி. பந்தை உதைத்து ஒரு புள்ளி வாங்கலாம். அது ஏறக்குறைய நிச்சயம். ஆட்டம் சமமாக முடியும். கூடுதல் நேரம் என்ற ஏற்பாடு அன்று கலாசாலை ஆட்டத்தில் முதல் வகுப்பில் கிடையாது. அக்காலத்தில் தேச வெற்றி என்பது பந்தயத்தில் தீர்மானமாவதல்ல. பத்திரிகைக்காரர்களும் பயிற்சியாளர்களும் போடும் ஓட்டுகளால் தீர்மானமாவது. தோல்வியே காணாத நெப்ராஸ்கா சமன் செய்திருந்தால் அந்த ஓட்டுகள் அநேகமாக அதற்கே விழுந்திருக்கும். பதினோரு வருஷத் தவம் ஓர் உதையில் பலித்திருக்கும். இன்னொரு வழி, மூன்று கெஜ தூரத்திலிருந்து மறுபடியும் எல்லைக் கோட்டைத் தாண்ட முயன்று இரண்டு புள்ளி பெறுவது. பலித்தால் வெற்றி, பலிக்காவிட்டால் தோல்வி.

ஆஸ்பார்ன் இரண்டு விரலைக் காட்டினார்.

பந்து வலது பக்கமாக ஸ்மித்தை நோக்கிப் பறந்தது. மயாமிக்காரர் ஒருவரின் விரல் நுனி அதில் பட்டது. ஸ்மித்தின் மேல் மோதிக் கீழே விழுந்தது. அவ்வளவுதான். தேச வெற்றி மயாமிக்குப் போயிற்று. அந்தச் சர்வகலாசாலையின் முதல் தேச வெற்றி அது.

மறுநாள் கேள்விகள் கிளம்பாமல் இல்லை. அந்த ஓர் உதையை ஏன் வேண்டாமென்றீர்? சமன் போதுமே? அவர் கருத்து எளியது: வெல்ல வந்தோம், வெல்ல முயன்றோம். சமன் செய்து பட்டத்தைக் கொண்டு போனால் அந்தப் பையன்களுக்கே திருப்தி இராது என்பது அவர் நம்பிக்கை. கணக்கின்படி பார்த்தால் அவர் செய்தது தவறு என்று வாதாட நிறைய இடமிருக்கிறது. ஆனால் அது கவனக் குறைவு அல்ல. தெரிந்து, எடை போட்டு, விலையைக் கையில் வைத்துக்கொண்டு செய்த தீர்மானம். ஒரே விளையாட்டில், ஒரே ஊரில், இரண்டு பயிற்சியாளர்கள் நிச்சயமானதை விட்டுவிட்டு நிச்சயமில்லாததைப் பற்றினார்கள். ஒருவர் அடைய விரும்பிய பொருள் ஒன்று இருந்தது. மற்றவருக்கு அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

ஆஸ்பார்னுக்கு முன்னால் மறு பாதையில் போன ஒருவரும் உண்டு. 1966 நவம்பர் 19-ஆம் தேதி, தேச வரிசையில் முதல் ஸ்தானத்திலிருந்த நோட்டர் டேம், இரண்டாவது ஸ்தானத்திலிருந்த மிஷிகன் ஸ்டேட்டுடன் 10-க்கு 10 என்று நின்றது. கடைசி ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட நேரம். பந்து நோட்டர் டேமிடம். பயிற்சியாளர் ஆரா பார்சீகியன் துணிந்து வீசச் சொல்லவில்லை. ஓட்டமாக ஓட்டி நேரத்தைக் கரைத்துச் சமனோடு முடித்தார். அவருடைய முதல் குவார்ட்டர்பேக் ஆட்டத் தொடக்கத்திலேயே காயப்பட்டுப் போயிருந்தார். பத்துப் புள்ளி பின்தங்கியிருந்து மீண்ட கோஷ்டியின் உழைப்பைக் கடைசியில் கோட்டைவிட அவர் விரும்பவில்லை. அடுத்த வாரம் தெற்குக் கலிபோர்னியாவை 51-க்கு 0 என்று அடித்து, தேச வெற்றியையும் பெற்றுக்கொண்டார். கணக்குச் சரியாகவே பலித்தது. ஆனாலும் "சமனுக்கு ஆடியவர்" என்ற ஏச்சு 2017-இல் அவர் இறக்கும் வரையில் அவரை விடவில்லை. பட்டத்தை வென்றவருக்கு ஏச்சு. பட்டத்தை இழந்த ஆஸ்பார்னுக்கு மரியாதை. நெப்ராஸ்கா ஜனங்கள் பிற்பாடு ஆஸ்பார்னைப் பார்லிமெண்டுக்கே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். நடுவில் 1994, 1995, 1997 ஆகிய மூன்று வருஷங்களில் தேச வெற்றியும் அவரைத் தேடிக்கொண்டு வந்தது.

ரசிகர்களின் தராசு இப்படிப்பட்டது. பயந்தவனை அவர்கள் மன்னிப்பதில்லை. துணிந்து தோற்றவனைச் சில சமயம் மன்னிப்பார்கள். யோசிக்காதவனை மட்டும் என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரிவதில்லை.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஞாபகம் வருவது அந்த ஓட்டக்காரன்தான். அவன் மாணவன். 2021 முதல் மாணவர்களும் தங்கள் பெயரை விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று விதி தளர்ந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் 8 கோடி டாலர் அவனுக்கு இல்லை. ஓடு என்றார்கள், ஓடினான். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பந்து அவன் கையிலிருந்து நழுவிற்று. படத்தை எத்தனை முறை திருப்பிப் போட்டாலும் அதில் தெரிவது அவனுடைய கைதான். ஓரத்தில் நின்று உத்தரவிட்டவரின் வாய் படத்தில் தெரிவதில்லை. பயிற்சியாளரின் தீர்மானத்தைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் பழி முழுவதும் இருபது வயதை ஒட்டிய ஒரு பையனின் தலையில்தான் இறங்கியிருக்கும்.

கலாசாலை ஆட்டங்களின் புள்ளி விவரம் எழுதும் குமாஸ்தாக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெற்றி நிச்சயமான சமயத்தில் முழங்காலை ஊன்றினால் ஓரிரு கெஜம் பின்னடைவு ஏற்படுமல்லவா? அதை ஊன்றியவன் பேரில் எழுதுவதில்லை. 'கோஷ்டி' என்று போட்டு, அதன் கணக்கில் ஓர் ஓட்டம், ஓரிரு கெஜ நஷ்டம் என்று பதிந்துவிடுவார்கள். அந்த அக்டோபர் இரவில் மயாமியின் ஏட்டில் கடைசி வரியாக அது இடம் பெற்றிருந்தால், அதை வாசித்துப் பார்க்க ஒருவரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.